சேலத்தில் வியட்நாம் சாப்பாடு: கொடுக்கிற காசுக்குத் தேறுமா?

சேலத்தில் ஒரு வியட்நாம் ஃப்யூஷன் உணவகத்துக்கு அடிக்கடி போகிறோம் என்று சொன்னால், சொந்தக்காரர்கள் ருசியைப் பற்றிக் கேட்பதே இல்லை. "ஒரு கிண்ணம் சூப்புக்கு முந்நூத்திச் சொச்சம் கொடுக்கிறீங்களாமே, தேறுமா?" என்றுதான் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நூற்றுச் சொச்ச ரூபாய்க்கு இலை போட்டு வயிறு நிறையச் சாப்பாடு போடும் ஊர் இது. கடை திறந்த புதிதிலிருந்து குடும்பத்தோடு போய்வருகிறவள் என்ற முறையில் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மெனுவில் பாதி தேறும், பாதி தேறாது. எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டு போனால் காசு வீணாகாது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கடை அஸ்தம்பட்டி தாண்டி ஏற்காடு அடிவாரம் போகும் பக்கம் இருக்கிறது. பெயரைப் போடவில்லை. குறைகளையும் சொல்லப் போகிறேன். வளர்ந்துவரும் சின்னக் கடை, அது அவர்களைப் பாதிக்க வேண்டாம். ஒரு விஷயம். இந்தச் சாப்பாடு சேலத்துக்கு முன்பு போல அந்நியமில்லை. 2023 நவம்பரில் திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகருக்கு நேரடி விமானம் விட்டதும், கொலுசு வியாபாரம் செய்கிறவர்கள், ஜவுளிக்காரர்கள் என்று எங்கள் தெருவிலேயே சில குடும்பங்கள் வியட்நாம் டூர் போய்வந்துவிட்டன. அங்கே சாப்பிட்டுவிட்டு வந்து இங்கே ஒப்பிட்டுப் பேசுகிறவர்கள் இருப்பதால் கடைக்காரர்களும் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் இருக்கிறார்கள்.

முதலில் ஃபோ. கடையின் பெயரே அதில்தான் நிற்கிறது. எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு எடுக்கும் தெளிந்த சாறு, அதில் தட்டையான அரிசி நூடுல்ஸ், மேலே இறைச்சி, வெங்காயத்தாள், மல்லித்தழை. வியட்நாமின் வடக்கே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த உணவு. அங்கே மாட்டிறைச்சிதான் பிரதானம். ஆனாலும் கோழி ஃபோ என்பது நம் ஊருக்காக வளைத்தது இல்லை. 1939-வாக்கில் ஹனோயில் வாரத்தில் இரண்டு நாள் மாட்டிறைச்சி விற்பனை இல்லாததால் கோழியில் செய்ய ஆரம்பித்தார்கள் என்று சொல்வார்கள். ஆக, சேலத்தில் கோழி ஃபோ சாப்பிடுகிறவர் அசல் வகைகளில் ஒன்றைத்தான் சாப்பிடுகிறார்.

சாற்றில் போடுகிற சாமான் எல்லாம் நம் பிரியாணிச் சாமான்தான்: அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, மல்லிவிதை. அரைப்பது மட்டும் கிடையாது. முழுசாக வெறும் சட்டியில் வறுத்துத் துணியில் கட்டிப் போடுவார்கள். இஞ்சியையும் வெங்காயத்தையும் நெருப்பில் நேராகக் காட்டி, தோல் கருகும்வரை சுட்டு, கருகலைத் தேய்த்தெடுத்துவிட்டுப் போடுவார்கள். அந்தச் சுட்ட வாசனை இல்லாத ஃபோ வெறும் கோழி சூப்.

இந்தக் கடையில் ஆரம்பத்தில் கோழி ஃபோ 280 ரூபாய். இப்போது 340. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆட்டெலும்பு ஃபோ, 420. ஆட்டெலும்பு வியட்நாமில் வழக்கமான ஒன்றல்ல, இது முழுக்க இவர்களுடைய கற்பனை. அருமையாக வந்திருக்கிறது. ஆட்டின் வாடையை அன்னாசிப்பூவும் சுட்ட இஞ்சியும் அடக்கிவிடுகின்றன. நல்லி எலும்பு ஒன்று கட்டாயம் இருக்கும். எங்கள் அப்பா வெளிநாட்டுச் சாப்பாடு என்றால் தட்டைத் தள்ளிவைக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே "இன்னைக்கு அங்க போறமா?" என்று கேட்கிற அளவுக்கு அவரை மாற்றியது அந்த ஆட்டெலும்பு ஃபோ.

ஃபோவுக்குக் கொடுக்கிற காசு தேறுகிறதா என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி உண்டு. பார்சல் வாங்கினால் சாறு தனி டப்பாவில், நூடுல்ஸ் தனி, இலைதழை தனி என்று தருவார்கள். சாற்றில் கொஞ்சம் எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். காலையில் பார்த்தால், எலும்பைப் பொறுமையாகக் கொதிக்கவிட்ட சாறு உறைந்து நிற்கும். டப்பாவைச் சாய்த்தால் ஒழுகாது, விரலால் தொட்டால் லேசாக ஆடும், மேலே மெல்லிய கொழுப்புப் படலம் வெள்ளையாகப் படிந்திருக்கும். எலும்பிலும் தோலிலும் இருக்கும் கொலாஜன் என்னும் புரதம் சாற்றில் இறங்கியிருப்பதற்கு அதுதான் சாட்சி. அவசரமாகச் செய்து சூப் பொடியால் சுவை கூட்டிய சாறு அப்படி நிற்காது, தண்ணீராகவே இருக்கும்.

திறந்த புதிதில் இந்தக் கடைச் சாறு ஒவ்வொரு தடவையும் உறைந்து நின்றது. முதல் சமையற்காரர் வேலையை விட்டுப் போன பிறகு சில மாதங்கள் உறையவே இல்லை. வாயில் வைத்ததும் உப்பும் அஜினமோட்டோவும் தூக்கலாகத் தெரிந்தன, சாப்பிட்டு வந்தால் ராத்திரி முழுக்கத் தாகம். விலை 280-லிருந்து 340 ஆனதும் அந்தச் சமயத்தில்தான். இதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த கட்டம். விலை ஏறுவது புரிகிறது, கோழி விலையும் சிலிண்டர் விலையும் எல்லாருக்கும் தெரியும். விலையை ஏற்றிவிட்டு எலும்பைக் குறைப்பது நியாயமில்லை. முதலாளித் தம்பியைக் கூப்பிட்டு நேரடியாகவே சொன்னேன். "அக்கா, எட்டு மணி நேரம் அடுப்பு எரியணும், புது ஆளுக்கு அந்தப் பொறுமை இல்லை" என்று ஒத்துக்கொண்டார். பிறகு முதல் நாள் இரவே சாறு வைக்கும் வழக்கத்துக்குத் திரும்பினார்கள். இப்போது மறுபடியும் உறைகிறது. கறித் துண்டுகள் மட்டும் பழைய அளவுக்கு வரவில்லை. இந்த நிலையில் 340 என்பது கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் கொடுக்கலாம். ஆட்டெலும்புக்கு 420 தாராளமாகக் கொடுக்கலாம்.

அடுத்து, இந்தக் கடையில் நான் மனதார மெச்சுகிற பண்டம். குச்சிக்கிழங்கு மாவுக் கொழுக்கட்டை என்றுதான் எங்கள் வீட்டில் சொல்கிறோம். மெனுவில் பான் போட் லோக் என்று இருக்கும். வியட்நாமின் ஹியூ நகரத்துப் பண்டம். மரவள்ளி மாவில் கொதிக்கும் நீரை ஊற்றிப் பிசைந்து, சின்னச் சின்னதாகத் தட்டி, உள்ளே இறாலும் பன்றிக் கொழுப்பும் வைத்து மூடி வேகவைப்பார்கள். வாழை இலையில் சுற்றி ஆவியில் வைப்பதும் உண்டு. இங்கே பன்றிக்குப் பதில் கோழி. சைவத்துக்குக் காளானும் வெங்காயத்தாளும்.

மாவு எங்கிருந்து வருகிறது? நம் மாவட்டத்திலிருந்துதான். மரவள்ளியும் ஜவ்வரிசியும் என்றாலே சேலம். சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் 1981-லிருந்து இங்கே இயங்குகிறது, சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆத்தூர் பக்கமிருந்து லோடு லோடாக வெளியே போகும் மாவை, ஜவ்வரிசி வடாமும் பாயசமும் தாண்டி ஊருக்குள்ளேயே இப்படி ஒரு பண்டமாகச் செய்து தட்டில் வைத்ததைப் பார்த்தபோது எனக்கு மனசு நிறைந்துபோனது. வெந்ததும் மாவு கண்ணாடியாகிவிடும். உள்ளே இறாலின் செம்மஞ்சள் நிறம், மிளகின் கறுப்புப் புள்ளி, வெங்காயத்தாளின் பச்சை எல்லாம் வெளியே தெரியும். பல்லில் ஒட்டாமல் இழுபடும். மேலே வெங்காயத்தாள் எண்ணெயும் பொரித்த வெங்காயமும் தூவித் தருவார்கள். தட்டுக்கு ஆறு, 190 ரூபாய். அப்பா முதல் தடவை ஒன்றைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "இது வெந்துச்சா இல்லையா?" என்று கேட்டார். வெந்தால்தான் அப்படித் தெரியும், வேகாத மாவு வெள்ளையாக இருக்கும். ஆறினால் கெட்டிப்படும், அதனால் பார்சல் வாங்காதீர்கள். அங்கேயே சூடாகச் சாப்பிடுங்கள்.

இத்தனை நாள் போய்வந்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: நம் ஊர்ப் பொருளை எடுத்து அவர்கள் முறைப்படி செய்த பண்டம் ஒவ்வொன்றும் விலைக்குத் தேறுகிறது. பெயரை மட்டும் அவர்களிடம் வாங்கிக்கொண்டு மயோனைஸும் கரம் மசாலாவும் போட்டுச் செய்தவை தேறவில்லை.

மண்சட்டி மீனைப் பாருங்கள். மீகாங் ஆற்றுப் பக்கத்துச் சமையல். சர்க்கரையைக் கருஞ்சிவப்பாகக் கருக்கி, மீன் சாஸ், மிளகு, பூண்டு சேர்த்து, மண்சட்டியில் மீனைக் குழம்பு வற்றும்வரை சுண்டவைப்பார்கள். அங்கே கெளுத்தி வகை மீனிலும் செய்வார்கள், விராலிலும் செய்வார்கள். இங்கே விரால். மிளகு ஏற்காட்டு எஸ்டேட் மிளகு. காப்பித் தோட்டத்து நிழல் மரங்களில் ஏறிய கொடிகளிலிருந்து வருவது. உலகத்திலேயே அதிக மிளகு விளைவிக்கும் நாடு வியட்நாம், அவர்கள் சமையலில் மிளகுக்கு இருக்கும் மரியாதை இந்தச் சட்டியில் தெரியும். இனிப்பு, உப்பு, காரம் மூன்றும் சேர்ந்து வரும். முதல் வாய் விநோதமாக இருக்கும், மூன்றாவது வாயில் சோறு காணாமல் போயிருக்கும். சோற்றோடு சேர்த்து 420 ரூபாய். இரண்டு பேர் பங்கிட்டுக்கொள்ளலாம். குறை ஒன்று உண்டு: விரால் கிடைக்காத நாளில் மேட்டூர் ஜிலேபி மீனைப் போட்டுவிட்டு அதே விலை வாங்கினார்கள். சதை உதிர்ந்து, முள் குழம்போடு கலந்துவிட்டது. இப்போதெல்லாம் ஆர்டர் கொடுக்கும் முன்பே "இன்னைக்கு விராலா?" என்று கேட்டுவிடுகிறேன். இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள்.

பான் ஸேவ் 260. அரிசி மாவு, மஞ்சள்தூள், தேங்காய்ப்பால் கரைத்து மொறுமொறுவென்று ஊற்றி, முளைகட்டிய பயறும் கோழியும் வைத்து மடித்துத் தருவது. பார்த்தவுடன் தோசைக்கு இவ்வளவா என்று தோன்றும். அதை அப்படியே பிட்டுச் சாப்பிட்டால் 260 அதிகம்தான். கீரை இலையில் ஒரு துண்டை வைத்து, கூடவே புதினாவும் திருநீற்றுப்பச்சிலையும் வைத்துச் சுருட்டி, மீன் சாஸும் எலுமிச்சையும் கலந்த காரச் சாறில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். அந்த இலைக்கூடைதான் இதில் பாதி மதிப்பு. தாய் துளசி என்று வெளியூரிலிருந்து வாடிப்போய் வருவதை விட்டுவிட்டு, அதே இனமான நம் திருநீற்றுப்பச்சிலையைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து காலையில் பறித்து வருகிறார்கள். வாசனை அறை முழுக்க நிற்கும்.

இடியாப்பத்தின் மேல் எலுமிச்சைப்புல் போட்டு வாட்டிய கோழி, வறுத்த வேர்க்கடலை, வெங்காயத்தாள் எண்ணெய்: 290. வியட்நாமிலேயே பான் ஹோய் என்று மெல்லிய அரிசிச் சேவையை அடுக்கிச் செய்யும் இதே மாதிரிப் பண்டம் இருப்பதால், இந்தக் கலப்பு உறுத்தாமல் சேர்ந்துகொள்கிறது. குழந்தைகளுக்கு இதைச் சொல்லுங்கள். என் மகன் வேறெதையும் தொடமாட்டான்.

இனி தேறாதவை. பான் மி, அதாவது ரொட்டியைப் பிளந்து உள்ளே கறி, காய்கறி வைத்துத் தருவது, 190. பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோன ரொட்டியை வியட்நாம்காரர்கள் தங்களுடையதாக்கிக்கொண்டது. மேல்தோல் மெல்லிசாக நொறுங்க வேண்டும், உள்ளே பஞ்சாக இருக்க வேண்டும். அந்த ரொட்டிதான் அதன் உயிர். இங்கே வெகுநாள் உள்ளூர் பேக்கரியின் இனிப்பு பன்னில் மயோனைஸைத் தடவிக் கொடுத்தார்கள். நாங்கள் பலரும் சொன்ன பிறகு, சனி ஞாயிறு மட்டும் புதுச்சேரியிலிருந்து ரொட்டி தருவிக்கிறார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் அந்த வகை ரொட்டி சுட்ட சில மணி நேரத்திலேயே மொறுமொறுப்பை இழந்துவிடும். பஸ்ஸில் வந்து சேர்ந்து, சாயங்காலம் தட்டுக்கு வரும்போது இழுத்துக் கடிக்க வேண்டியிருக்கிறது. சேலத்திலேயே ஒருவர் அந்த ரொட்டியைச் சுட ஆரம்பித்தால் நான் முதல் ஆளாகப் போய் நிற்பேன். அதுவரை வேண்டாம்.

அரிசித்தாள் சுருள், இரண்டுக்கு 180. இரண்டிலும் சேர்த்து மூன்றே மூன்று இறால், அதுவும் நெடுக்காகக் கீறிப் பாதி பாதியாக. மிச்சமெல்லாம் சேமியாவும் வெள்ளரிக்காயும். அரிசித்தாள் பாக்கெட் இப்போது பெரிய சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கிறது. தண்ணீரில் நனைத்து வீட்டிலேயே சுருட்டிவிடலாம், வேர்க்கடலைச் சட்னியும் நமக்குப் புதிதில்லை. எங்கள் ஊர்த் தெருக்கடைப் பண்டமான தட்டுவடையில் எலுமிச்சைப்புல் கோழியும் ஊறவைத்த கேரட் முள்ளங்கியும் வைத்து 160-க்குத் தருகிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சேலத்துக்காரர் யாருக்கும் தட்டுவடைக்கு அந்த விலை கொடுக்க மனசு வராது, எனக்கும் வரவில்லை.

கோழிக் கறிதான் எனக்கு மிகுந்த வருத்தம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரி, காரைக்காலிலிருந்தும் செட்டிநாட்டிலிருந்தும் தமிழர்கள் சைகோனுக்கு, அதாவது இன்றைய ஹோ சி மின் நகருக்குப் போனார்கள். மாரியம்மன் கோயிலும் தண்டாயுதபாணி கோயிலும் இன்றும் அங்கே இருக்கின்றன. அங்கிருந்து திரும்பிய குடும்பங்களால் புதுச்சேரி வீடுகளில் சாயோ என்னும் வியட்நாம் சுருளைப் பொரிக்கும் பழக்கம் இப்போதும் உண்டு. வியட்நாமின் கா ரி கா என்னும் கோழிக் கறியும் இந்தியக் கறித்தூள் போய்ச் சேர்ந்ததால் உண்டானதுதான்: தேங்காய்ப்பால், எலுமிச்சைப்புல், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, தொட்டுச் சாப்பிட ரொட்டி. இவ்வளவு சொந்தம் உள்ள பண்டத்தை இங்கே கசகசா அரைத்து ஊற்றி, கரம் மசாலா தூவி, சாதாரணக் குருமாவாக்கிவிட்டார்கள். சர்க்கரைவள்ளியைக் காணோம், அந்த இடத்தில் உருளைக்கிழங்கு. 310 ரூபாய்க்கு இதைவிட நல்ல குருமா நாலு மெஸ்ஸில் கிடைக்கும். சர்க்கரைவள்ளி நம் சந்தையில் இல்லாத கிழங்கா?

காபி 140. மேசைக்கே ஃபின் என்னும் குட்டி வடிகட்டி வரும். கீழே டம்ளரில் கண்டென்ஸ்டு மில்க், மேலேயிருந்து சொட்டுச் சொட்டாக டிகாஷன். ஐந்து நிமிஷமாவது ஆகும். முதலில் ஏற்காட்டில் விளையும் அரபிக்கா வகைக் காபிக்கொட்டையை மட்டும் போட்டார்கள். 1820-களில் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பிச் செடி வைத்த கதை மெனு அட்டையில்கூட அச்சாகியிருந்தது. பெருமையான விஷயம்தான், ஆனால் டம்ளரில் எடுபடவில்லை. வியட்நாமில் பெரும்பாலும் விளைவது ரொபஸ்டா என்னும் இன்னொரு வகை, அதைக் கறுக்க வறுப்பார்கள். அந்தக் கசப்பு இருந்தால்தான் கண்டென்ஸ்டு மில்க்கின் திகட்டும் இனிப்பைத் தாங்கும். அரபிக்கா அதற்குள் மூழ்கி, லேசான புளிப்பு மட்டும் மிஞ்சியது. இப்போது பாதிக்குப் பாதி ரொபஸ்டா கலந்து கறுப்பாக வறுக்கிறார்கள், அருமை. ஒன்று வாங்கி இரண்டு பேர் குடிக்கலாம், அவ்வளவு திடம்.

சைவக்காரர்கள் கவனத்துக்கு. நெத்திலியையும் உப்பையும் மாதக்கணக்கில் ஊறவைத்து வடித்த மீன் சாஸ் இவர்கள் சமையலில் எங்கேயும் இருக்கும். காய்கறிப் பண்டத்தில்கூடப் போட்டுவிடுவார்கள். கேட்காமல் சாப்பிடாதீர்கள். புரட்டாசியில் அத்தையை அழைத்துப் போனபோது முன்கூட்டியே சொல்லிவிட்டோம். தனிச் சட்டி, தனிக் கரண்டி, சோயாவும் அன்னாசியும் சேர்த்துச் செய்த சாஸ் என்று சிரத்தையாகச் செய்து கொடுத்தார்கள். வியட்நாமில் பௌத்தர்கள் பலர் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சைவம் மட்டுமே சாப்பிடுகிறவர்கள் என்பதால் சைவச் சமையலுக்கென்றே அங்கே பெரிய மரபு இருக்கிறது. அதிலிருந்து எடுத்துப் புரட்டாசி மாதம் முழுக்கத் தனி மெனு போடுகிறார்கள். காளான் ஃபோ 260 ரூபாய். முள்ளங்கியும் சுட்ட வெங்காயமும் கொதித்த சாறு. அத்தை கிண்ணத்தைத் தூக்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

பில்லுக்கு வருவோம். மூன்று பேர் போனால் நாங்கள் சொல்வது இதுதான்: குச்சிக்கிழங்குக் கொழுக்கட்டை, பான் ஸேவ், மண்சட்டி மீன், கோழி ஃபோ ஒன்று, காபி இரண்டு. 1,490 ரூபாய், ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 1,565-க்குள். தலைக்கு 520 சொச்சம். எல்லாவற்றையும் நடுவில் வைத்துப் பங்கிட்டால் வயிறு நிறைகிறது. ஆளுக்கு ஒரு ஃபோ, ஆளுக்கு ஒரு சுருள் என்று தனித்தனியாகச் சொன்னால் காசும் கூடும், பாதி ருசியும் தெரியாமல் போகும். ஏற்காட்டில் பெரிய ரிசார்ட்டுகளில் இதே மாதிரிச் சாப்பாடு சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அறை வாடகை நாளுக்கு 7,500-க்கு மேல் உள்ள விடுதிகளின் உணவகத்தில் ஜி.எஸ்.டி. 18 சதவீதம்.

இடையில் சில வாரங்கள் பில்லில் சேவைக் கட்டணம் என்று தனியாக ஒரு வரி வந்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே, கேட்காமல் அதைப் பில்லில் சேர்க்கக்கூடாது என்று வழிகாட்டுதல் கொடுத்தது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. சொன்னதும் மறுபேச்சில்லாமல் எடுத்துவிட்டார்கள். எந்தக் கடையானாலும் தயங்காமல் கேளுங்கள். பரிமாறுகிற பிள்ளைகளுக்கு நாங்கள் கையில் தனியாகக் கொடுத்துவிடுகிறோம்.

ஞாயிறு இரவு ஏற்காட்டிலிருந்து இறங்கும் கார்க் கூட்டம் எல்லாம் இங்கேதான் நிற்கும், முக்கால் மணி நேரம் காத்திருக்க நேரும், சமையலிலும் அவசரம் தெரியும். வார நாள் மதியம் நல்லது. ஆட்டெலும்பு ஃபோ வேண்டுமென்றால் ஞாயிறு பன்னிரண்டரைக்குள் போய்விடுங்கள், இரண்டு மணிக்கெல்லாம் தீர்ந்துவிடுகிறது. அப்புறம், கோழிக் கறியில் சர்க்கரைவள்ளி எங்கே என்று நீங்களும் ஒரு வார்த்தை கேளுங்கள். நாலு பேர் கேட்டால் மாற்றுவார்கள். சாறும் காபியும் அப்படித்தான் மாறின.